மதராஸ் முதலாளி

மாணிக்கம், இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் அடுத்த நாலு வரியையும் நீயே சொல்லிவிடுவாய். அதனால் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நம் பங்களாவை விலைக்குப் பார்க்க ஒரு பெரிய மனிதர் வந்தார். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என் கையில் நாலணா இனாம் வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு சலாம் போட்டேன். அதோடு விட்டேனா, குனிந்து அவருடைய ஜட்கா வண்டியின் கதவையும் சாத்திக் கொடுத்தேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான், விற்கிற வீடும் என்னுடையது, இனாம் வாங்கிய கையும் என்னுடையது என்று எனக்கு உறைத்தது. குசினிக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "இத்தினி வருசத்துல மொத மொதல்ல ஒருத்தர் உங்க வேலையை மெச்சிக்கிறாரு, பத்திரமா வெச்சிக்கோங்க" என்றாள்.

வந்தவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கூட அவருடைய சம்சாரம். அந்த அம்மாளுக்கு நம் ஜன்னல்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் கூராக இருக்கிற மரச்சட்டங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சிவப்புத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். முன்னால் இருக்கிற சம்பங்கி மரத்துக்கு என்ன வயது என்று கேட்டார். நானும் விடாமல் அளந்தேன். "எல்லாம் நடந்து போற தூரம்தாம்மா. மார்க்கெட் பத்து நிமிசம், தண்டு ஸ்டேஷன் பதினஞ்சு, பள்ளிக்கூடம் அஞ்சு, ஆஸ்பத்திரி வேணும்னா எட்டு" என்றேன். "நடந்து காட்டேன்பா" என்றார் அந்த அம்மாள். முன் கேட்டைத் திறந்துகொண்டு கூட்டிப் போனேன். இடது பக்கம் திரும்பினேன். பத்து நிமிஷத்தில் மார்க்கெட் வரவில்லை, பட்டாளத்துக்காரர்கள் கவாத்து பழகுகிற மைதானம் வந்தது. திரும்பி வலது பக்கம் போனோம், ஒரு கல்லறைத் தோட்டம் வந்தது. உனக்குக் காரணம் தெரியும். நமக்கு மார்க்கெட் பத்து நிமிஷம் என்பது பின் சந்து வழியாகத்தான். ரொட்டிக் கிடங்குக்குப் பின்னால் புகுந்து, குதிரை லாயத்தை ஒட்டிப் போனால்தான் பத்து நிமிஷம். முன் கேட்டிலிருந்து எந்தப் பக்கம் போனால் எது வரும் என்று இந்த வயது வரை நான் நடந்து பார்த்ததே இல்லை. கடைசியில் அவர்களை மறுபடியும் காம்பவுண்டுக்குள் கூட்டி வந்து, பின் கேட்டைத் திறந்துவிட்டு, அங்கிருந்து முதலிலிருந்து நடந்தேன். "இவனுக்கு இந்த வீடே தெரியலையேங்க" என்று அந்த அம்மாள் புருஷனிடம் சொன்னார்.

இந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் இதுவரை சிரித்துச் சிரித்தே சொல்லியிருக்கிறேன், அதனால் அதுவும் உனக்குத் தெரியாத மாதிரிதான். உன் தாத்தா, பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்குகிற இந்தத் தண்டில் பட்டாளத்து லயன்கள் கட்டின காலத்தில் மாட்டு வண்டியில் சுண்ணாம்பு ஏற்றிச் சம்பாதித்தவர். அந்தச் சுண்ணாம்பில் மிச்சமானதையும் சேர்த்து இந்தப் பங்களாவைக் கட்டினார். முன்கட்டை வெள்ளைக்காரத் துரைகளுக்கு வாடகைக்கு விடுவது, நாம் பின்னால் குசினியை ஒட்டிய நாலு அறையில் இருப்பது, இதுதான் அவர் போட்ட திட்டம். அவர் மீசைக்கும் தலைப்பாகைக்கும் துரைகள் மரியாதை கொடுத்தார்கள். அவர் போனபோது எனக்கு மீசையும் சரியாக வரவில்லை, படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தது. எனக்கு வந்தது இளிப்பு ஒன்றுதான். வீடு பார்க்க வந்த ஒரு பட்டாளத்து டாக்டர் "ஓனர் யார்" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார், அந்தம்மா பின்கட்டைப் பார்த்தாள், போய்விட்டார்கள். இன்னொருவர் வந்தார், அவரும் அப்படியே. வீட்டுக்காரன் என்று ஒரு கறுப்பன் கொல்லைப்புறத்தில் குந்தியிருக்க, அவனிடம் மாதா மாதம் வாடகையை நீட்டுவது அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஐந்து மாதம் முன்கட்டு பூட்டியே கிடந்தது. நீ அப்போது அம்மா இடுப்பில்.

அடுத்து வந்த துரைசானி தனியாக வந்தாள். நான் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கையில் துடைப்பத்தோடு இருந்தவனைப் பார்த்து அவளாகவே, "உன் முதலாளி எங்கே?" என்றாள். "மதராஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் மாணிக்கம். சாயங்காலமே வாடகைக்கு விட்டாயிற்று. அதன் பிறகு அந்த மதராஸ் முதலாளியை நான் வளர்த்த மாதிரி உன்னைக்கூட வளர்க்கவில்லை. அவருக்குக் காலில் வாதம் கொடுத்தேன். முன்கோபம் கொடுத்தேன். ஓடு மாற்றச் சொன்னால் "முதலாளிக்கு எழுதியிருக்கிறேன்" என்று மூன்று மாதம் ஓட்டினேன். வாடகையை ஏற்ற வேண்டுமென்றால் முதலாளி எழுதிவிட்டார், நான் என்ன செய்ய என்று கையை விரித்தேன். கிறிஸ்துமஸுக்குத் துரைசானிகள் அவருக்கு கேக் கொடுத்து அனுப்பினார்கள், நாம் குசினியில் உட்கார்ந்து தின்றோம். உனக்கு நாலு வயது இருக்கும், கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முதலாளிக்குக் கொஞ்சம் வேணாமாப்பா?" என்று கேட்டாய். நான் புரையேறிச் சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே சொன்ன பொய்யை வீட்டுக்குள் ஒருத்தன் நம்பிக்கொண்டிருந்தான்.

உனக்கு விவரம் தெரிந்ததும் அம்மாதான் சொன்னாள், இது நம் வீடுதான், ஆனால் வெளியே சொல்லாதே என்று. நீ சொல்லவில்லை. பின் கேட்டு வழியாகவே பள்ளிக்கூடம் போனாய், பின் கேட்டு வழியாகவே வந்தாய். உன் சிநேகிதர்கள் உன்னை "பட்லர் மகன்" என்று கூப்பிட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். இதைத் தாண்டிப் போக முடியுமா என்று மூன்று நாளாக மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

பியானோ வாசிக்கிற மேஜர் சம்சாரம் குடியிருந்தாளே, அவளுடைய காலம். உனக்குப் பத்து வயது. சாயங்காலம் அவள் வாசிக்கும்போது நீ முன்படியில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். எதையும் தொடவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அவள் என்னிடம் ஒரு உறையைக் கொடுத்து, இதை உன் முதலாளிக்குத் தபாலில் சேர் என்றாள். தபாலில் எங்கே சேர்ப்பது? குசினிக்குக் கொண்டு வந்து, அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டு, "டேய், உங்க துரைசானி என்னா எழுதியிருக்கா, படி" என்றேன். எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. நீ ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாய். வேலைக்காரன் பரவாயில்லை, ஆனால் வாயாடி என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் சிரித்தேன். அவனுடைய பையன் முன்படியில் வந்து உட்காருகிறான், பார்க்க நன்றாக இல்லை, அவனைப் பின்னாலேயே வைத்துக்கொள்ளும்படி தாங்கள் உத்தரவு போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். இதைப் படிக்கும்போது உன் குரல் மாறவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னாய்.

பதில் போடாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதுதான் என் புத்திக்குப் பட்டது. அம்மா சொன்னாள், "புள்ள கையால வேணாங்க." நான், "நம்ம வீட்டுல இங்கிலீசு தெரிஞ்ச கை வேற எது இருக்கு?" என்றேன். கரண்டியை ஊன்றுகோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வாதக்கால் முதலாளியாக நொண்டி நொண்டி குசினியில் நடந்துகொண்டே சொன்னேன். நீ தரையில் குப்புறப் படுத்து எழுதினாய். "வேலைக்காரனைக் கடுமையாகக் கண்டித்துவிட்டேன். இனிமேல் அந்தப் பையன் முன்பக்கம் கண்ணில் படமாட்டான்" என்று. அப்போது நீ தலை நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டாய். "பையன்னு போட்டா போதுமாப்பா, பேரு போடணுமா?" நான் சொன்னேன், "வேணாம், மதராஸ் முதலாளிக்கு உன் பேரு எப்பிடித் தெரியும்?" நல்ல வேடிக்கை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு நானே சிரித்தேன். நீ மை ஒற்றி, மடித்து, கீழே யாருடைய பெயரையோ சுழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாய். அழகான கையெழுத்து. எனக்கு வந்த தபாலோடு சேர்ந்து வந்தது என்று சொல்லி அவளிடம் நீட்டினேன். மேஜர் சம்சாரம்கூட, உன் முதலாளி படித்தவர் என்று சொன்னாள். அதையும் உன்னிடம் வந்து பெருமையாகச் சொன்னேன்.

நம் வீட்டு முன்படியில் நீ உட்காரக் கூடாது என்று உன் கையாலேயே உன்னை எழுத வைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை இப்போது எழுத எனக்கு இரண்டு தாள் வீணானது.

நீ பம்பாய்க்கு வேலைக்குப் போன அன்று முன்கட்டுக்காரர்கள் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். உன் தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு, "இன்னிக்கு யாரும் இல்லை, வாடா, முன்னால போலாம்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "முதலாளி எழுதிட்டாரேப்பா" என்று சொல்லி, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிப் பின் கேட்டுப் பக்கம் நடந்தாய். நான் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது டீக்கடையில்கூடச் சொல்லிச் சிரித்தேன். என் மகனுக்கும் என் வாய் வந்துவிட்டது என்று. மாதாமாதம் நீ போடுகிற கார்டில் நலம், மழை, சாப்பாடு தவிர வேறு எதுவும் இல்லாததை அம்மா சுட்டிக் காட்டும்போதும், பையனுக்கு வேலை அதிகம் என்றேன்.

போன மாதம் பெண் வீட்டார் பம்பாயிலிருந்து எனக்குக் கடிதம் போட்டார்கள். உன் வருங்கால மாமனார் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எழுத்து உருண்டையாக இருக்கிறது, எனக்கே படிக்க முடிந்தது. பெங்களூரில் சொந்த வீடு உண்டா என்று உன்னைக் கேட்டாராம். "இல்லை, அப்பா ஒரு பங்களாவில் பட்லர், பின்னால் இருக்கிறோம்" என்று நீ சொன்னாயாம். எதையும் மறைக்காமல் சொல்லுகிற பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவது எங்கள் பாக்கியம், வீடு வாசல் என்ன பெரிது என்று எழுதியிருந்தார். உன் நேர்மையை மெச்சி அவர் எழுதியிருந்தது அத்தனையும் என் பொய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "அவன் பொய் சொல்லலீங்க. அவனுக்கு அப்பிடித்தானே இருந்துது" என்றாள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள், முன்கட்டு நாலு மாதமாகக் காலி. வீட்டை விற்றுவிட்டால் நமக்குச் சொந்த வீடு இல்லை என்பது உண்மையாகிவிடும், உன் சொல்லும் உண்மையாகிவிடும், சம்பந்தியிடம் யாரும் எதையும் விளக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு பங்களாவையே விற்கப் புறப்பட்டவனை நீ வேறு எங்கேயும் பார்க்க முடியாது. உனக்கும் எழுதிக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். "விற்றுவிடுங்கள், அது எப்போது நம் வீடாக இருந்தது" என்று நீ கார்டு போட்டாய். சம்மதம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த நாலணா கையில் விழுந்த பிறகுதான் அந்தக் கார்டை எடுத்து மறுபடி படித்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த ரயில்வேக்காரர் மறுபடி வந்தார். விலை பேச முதலாளி எப்போது வருவார் என்றார். நான் நாலணாவை அவர் கையில் திருப்பி வைத்து, "நான்தாங்க வீட்டுக்காரன்" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ ஒள்ளே ஆளுப்பா" என்று கன்னடம் கலந்து மெச்சி முதுகில் தட்டினார். பத்திரத்தை எடுத்து வந்து காட்டினேன். சிரிப்பை நிறுத்தி, கண்ணாடி போட்டுப் படித்தார். "இந்தப் பேரு உன் பேருதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார். தெருவைக் கேளுங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எதிரே ரொட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். ரொட்டிக்காரர் எனக்கு நல்லது செய்கிற நினைப்பில், "பங்களா மதராஸ்காரர் ஒருத்தருதுங்க. இவரு பட்லரு. தங்கமான மனுசன், ஒரு காசு கை வெக்க மாட்டாரு" என்றார். பால்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், முதலாளிக்குக் காலில் வாதம் என்று சாட்சி சொன்னார். நான் உழைத்து வளர்த்த முதலாளி, நன்றாகத்தான் நிற்கிறார்.

ரயில்வேக்காரர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார். தாத்தா சொத்து, அதனால் பேரன் கையெழுத்தும் வேண்டும், உன் மகன் வந்து "இவர் என் அப்பா, இது எங்கள் வீடு" என்று பதிவாளர் முன்னால் சொல்லட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான் வேண்டுமாம். இந்த ஊரில் இதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை, உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

ஆனாலும் எழுதுகிறேன். இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அது உன் மாமனாருக்கு. வீடு எங்களுடையது, பட்லர் என்பது நான் வயிற்றுக்காக ஆரம்பித்து வாய்க்கொழுப்பில் வளர்த்த பொய், பிள்ளைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, அவனை அப்படிச் சொல்லிப் பழக்கினவன் நான் என்று எழுதியிருக்கிறேன். அதைத் தனி உறையில் போட்டு ஒட்டவில்லை. நீ படித்துப் பார். கொடுக்க வேண்டும் என்றால் கொடு, கிழித்துப் போட வேண்டும் என்றால் போடு. கையெழுத்துப் போட வருவதும் வராததும், வீடு இருப்பதும் போவதும் உன் இஷ்டம். ஒரு தடவை நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். இந்தத் தடவை நீ எழுதுவதை நான் சொல்ல மாட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் ஒன்றாவது சொல்ல வேண்டுமே. உன் வீட்டில் நீ சொல்கிற வேடிக்கைக்கு யார் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொள். நான் அதைப் பார்க்கவில்லை.

வருவதானால் அந்தப் பெண்ணையும் கல்யாணத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாகக் கூட்டி வா. வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இன்று காலை நானே சாவி போட்டு முன்கதவைத் திறந்து, அம்மாவையும் கூப்பிட்டேன். அவள் படியில் நின்று, "செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்து, "இத்தினி வருசமா நான்தான் பெருக்கினேன். இவ்வளவு பெருசுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதினேன். அம்மா பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

இடையில் நல்ல மழை பெய்தது. இதுவரை எழுதி முடித்து, தபாலில் போடலாம் என்று எழுந்து முன்கதவை இழுத்தேன். மரம் மழையில் ஊதி இறுகிவிட்டது. அம்மாவும் சேர்ந்து இழுத்தாள். கதவு அப்படியே இருந்தது, பித்தளைக் குமிழ் மட்டும் கழன்று என் கையோடு வந்தது. கேட்டருகே கூடையோடு போய்க்கொண்டிருந்த கீரைக்காரி ஜன்னலில் என்னைப் பார்த்து நின்றாள். "என்னா பட்லரே, கதவு மாட்டிக்கிச்சா? முதலாளிக்கு எழுதிப் போடு, ஆசாரியை அனுப்புவாரு" என்றாள். எழுதியிருக்கிறேன் என்றேன். குமிழை ஜன்னலில் வைத்திருக்கிறேன். தபாலாபீசுக்குப் பின் கேட்டு வழியாகப் போகிறேன். ஆறு நிமிஷம்.